தங்கையின் குரலில் இன்னொரு பெயர்

1

இந்த ஆடியோடு என் தங்கை சுகந்தி போய் ஒரு வருடம் ஆகிறது. கொல்லிமலையில் அவளுக்கு வருசத் திதி கொடுத்த அன்று நான் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில், மகனையே அடையாளம் தெரியாத ஒரு பெரியவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். தினமும் என் பெயரைக் கேட்பார். வசந்தா என்று சொல்வேன். இந்த ஊர் எழுத்துப்படி என் பெயரை ஃபசந்தா என்றுதான் வாசிக்கிறார்கள். வந்த புதிதில் விடாமல் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது ஃபசந்தா என்றால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

என் பெயரைப் பற்றி எழுத வரவில்லை. அது எப்படியோ போகட்டும், சம்பளம் சரியாக வருகிறது. சுகந்தியின் பெயரைப் பற்றி எழுத வேண்டும். நாமக்கல், சேலம் பக்கம் கோயில் நோம்பிக்கு ஸ்பீக்கர் பெட்டி முன்னால் சட்டை நனைய ஆடுகிற தம்பிகள் இதைப் படித்தால் நல்லது. "டிஜே கார்மேகம், கொல்லிமலை மிக்ஸ்" என்று பாட்டின் நடுவில் ஒரு பெண் குரல் வரும், கேட்டிருப்பீர்கள். அந்தக் குரல் வந்ததும் விசில் அடித்திருப்பீர்கள். அந்தப் பாட்டுகளில் கார்மேகம் செய்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி செய்தது.

2

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கொல்லிமலைக்கு மாற்றல் என்றால் தண்டனை என்று மற்றவர்கள் யார் யாரையோ பிடித்து ஓடியபோது, அப்பா மட்டும் பெட்டி படுக்கையோடு செம்மேட்டுக்கு ஏறினார். நானும் சுகந்தியும் வளர்ந்தது அங்கே ஒரு குவார்ட்டர்ஸில்தான். பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினாள். நான் நர்சிங் படித்துவிட்டு எங்கெங்கோ போனேன். சுகந்தி மட்டும் மலையை விடவில்லை.

அந்த மலையை நான் ஒரு நாளும் அழகு என்று நினைத்ததில்லை. எனக்கு அது பஸ்ஸில் வாந்தி எடுக்கிற இடம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும்போது, சுகந்தி முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் அடிக்கிற ஹாரனுக்குத் தொடையில் தாளம் போடுவாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிப்பார்கள். எதிரே லாரி வந்தால் அதுவும் பதிலுக்கு அடிக்கும். "அக்கா, கேளு, இப்ப அது பதில் சொல்லும் பாரு" என்பாள். கேட்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

கல்லூரியில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் அவள் ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யூடியூபில் இந்தி பேசுகிற ஒருவனைப் பார்த்துப் பழகினாள், அவளுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. முதலில் சினிமாப் பாட்டுகளை வெட்டி, கீழே அடியைப் போட்டு, வேகத்தைக் கூட்டினாள். பிறகு சினிமாப் பாட்டே இல்லாமல் செய்யத் தொடங்கினாள். வாட்ஸ்அப்பில் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். "பேஸ் எப்புடிக்கா இருக்குது? நெஞ்சுல இடிக்குதா?" என்று கேட்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டு காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "இடிக்குதுடி, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று எழுதுவேன்.

கார்மேகத்தை அவள்தான் விரும்பிக் கட்டினாள். மலையிலேயே குண்டனி நாடு என்கிற ஊர்க்காரன், செம்மேட்டில் ரேடியோ செட் கடை வைத்திருந்தான். காதுகுத்து, கல்யாணம், நோம்பி எதுவாக இருந்தாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, சுவரில் பழைய மெத்தையை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து தொழில் செய்தார்கள். அவள் மிக்ஸ் செய்வாள், அவன் கொண்டுபோய்ப் போடுவான்.

எங்கள் பக்கத்து மிக்ஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவரின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே குரலாகச் செருகிவிடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த ஊர் ரேடியோ செட்டுக்காரன் அதைத் தன்னுடையது என்று போட்டுவிடுவான். திருட்டுப் போகாமல் இருக்க மாட்டின் மேல் சூடு போடுகிற மாதிரி. ஒரு பாட்டில் நாலைந்து தடவையாவது பெயர் வரும். சுகந்தி செய்த எல்லாவற்றிலும் வந்தது கார்மேகத்தின் பெயர். சொன்னது அவள்.

3

அந்தக் குரலை அவள் பதிவு செய்தபோது நான் அங்கே இருந்தேன். விடுமுறைக்குப் போயிருந்தோம். என் மகள் இனியா அப்போது சின்னப் பெண். வெளியே மழை, கூரைச் சத்தம் கேட்கக் கூடாது என்று சுகந்தி தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் அவள் மகள் மித்ரா. கம்பளிக்குள்ளிருந்து "டிஜே கார்மேகம்... கொல்லிமலை மிக்ஸ்" என்று வரும். உடனே "ச்சை" என்று வரும். மறுபடியும் முதலிலிருந்து. இனியா சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தாள். அதன்பின் ஜெர்மனியிலும் பல் தேய்க்கும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் அவள் பிழையில்லாமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

கம்பளியை விலக்கி வியர்வையோடு வெளியே வந்தவளிடம் கேட்டேன். "ஏன்டி, செய்யறது நீ. உன் பேரைச் சொன்னா வாய் வலிக்குமா?"

"உனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "என்ற பேரு ஸ்பீக்கர்ல வந்துச்சுன்னு வெய்யி, குடிச்சுட்டு ஆடறவனெல்லாம் சுகந்தி சுகந்தின்னு கத்துவான். அடுத்த நாளு நான் கடைக்குப் போயி பருப்பு வாங்க வேண்டாமா?"

"அப்ப இவன் பேரு மட்டும் இருக்கணுமா?"

"ஆம்பள பேரு. கத்துனா கத்தீட்டுப் போறாங்க." கம்பளியை மடித்து வைத்தாள். பிறகு மடித்ததையே பார்த்துக்கொண்டு, "நீ வேணுன்னா அங்க உங்கூர்ல என்ற பேரப் போட்டுக்க. அங்க ஆருக்கு என்னையத் தெரியும்? நல்லாப் பெருசாப் போடு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறை புதிய மிக்ஸ் அனுப்பும்போதும் கடைசியில் "உங்கூர்ல போட்டியா?" என்று கேட்பாள். எங்கே போடுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், சூப்பர் மார்க்கெட். போடுகிறேன் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது "வளைவு". மலைப் பாதையில் பஸ் ஹாரன்களைப் பதிவு செய்து, அவற்றையே அடியாகவும் ராகமாகவும் அடுக்கியிருந்தாள். ஒரு ஹாரன் கூப்பிடும், தூரத்தில் இன்னொன்று பதில் சொல்லும், நடுவில் பிரேக் முனகும். கடைசியில் எல்லா ஹாரன்களும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும். சின்ன வயதில் எனக்கு வாந்தி வரவைத்த அதே பாதைதான், இங்கே டிராமில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

4

அவள் இறந்தது போன ஆடியில். நோம்பி சீசன். காய்ச்சலோடு உட்கார்ந்து மிக்ஸ் செய்துகொண்டிருந்தாள் என்று அம்மா சொன்னாள். எழுந்து வா என்று தான் எத்தனையோ தடவை கூப்பிட்டதாகவும், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதாகவும் கார்மேகம் சொன்னான். நினைவு தப்பிய பிறகுதான் கீழே கொண்டுபோனார்கள். அவள் தாளம் போட்ட அதே வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கியிருக்கிறது. நாமக்கல் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அப்போது என் கையில் அட்டை இல்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான பழைய அட்டை காலாவதியாகி, புதியது அச்சாகி வரவேண்டியிருந்தது. நடுவில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போகலாம், வாடகை கட்டலாம். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் என் தங்கை செத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஜெர்மன் குழறி, செத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு நிம்மதி. அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து ஒரு சான்று வாங்கி வாருங்கள் என்றாள். திருத்திச் சொல்லாமல் தலையாட்டினேன். வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை. இங்கே அதுதான் மரியாதை.

அடக்கத்தைப் போனில் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவளைத் தூக்கும் நேரத்தில் படம் நின்றுபோனது. மறுபடி வந்தபோது வெறும் கட்டில்தான் தெரிந்தது.

5

இனியாவுக்கு இப்போது பதினாறு வயது. என்னிடம் ஜெர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். சண்டை என்றால் இரண்டு பேருக்கும் வசதி, பாதிதான் புரியும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து டும் டும் என்று ஒரே சத்தம். ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூடிக் கிடந்த ஒரு பழைய பிரெட் தொழிற்சாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கணினியில் இசை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள், அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறாள் என்று. எங்கே கெட்டுப்போகிறாளோ என்று துப்பறியப் போனவளுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நடத்துகிறவள் கத்ரின். முடியை ஒட்ட வெட்டியவள், என்னைவிடப் பெரியவள். அவளும் முப்பது வருடமாக இந்த எலக்ட்ரானிக் இசைதான் செய்கிறாளாம். "அந்தக் காலத்தில் நான் கிளப்பில் என் கருவிகளுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தால், நீ எந்த டிஜேயின் காதலி என்று கேட்பார்கள்," என்றாள். அவள் செய்த இரண்டு பாட்டுகள் ஓர் ஆணின் பெயரில் வெளியாகி, அவன் அதை வைத்தே ஊர் ஊராகப் போய் வாசித்தானாம். சொல்லும்போது சிரித்தாள். கைகள் மட்டும் சிரிக்கவில்லை, தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன.

அங்கே ஒரு சுவர் தயாராகிக்கொண்டிருந்தது. எலக்ட்ரானிக் இசையில் பேர் தெரியாமல் போன பெண் தயாரிப்பாளர்களுக்கான சுவர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு ஹெட்போன். மாட்டினால் அந்தப் பெண் செய்த இசை கேட்கும். கோடை முடிவதற்குள் ஊரைக் கூப்பிட்டுத் திறக்கப்போகிறார்கள்.

இனியா போனை எடுத்து "வளைவு" போட்டாள். அது அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. கத்ரின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஹாரன்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கியபோது அவள் தலை ஆடியது. முடிந்ததும், "இதைச் செய்தது யார்?" என்றாள்.

"சித்தி," என்றாள் இனியா. தமிழ்ச் சொல்லையே சொன்னாள்.

எனக்கு வந்த அழுகையை மூக்கைச் சிந்துகிற மாதிரி மறைத்துக்கொண்டேன். உங்கூர்ல போட்டியா, உங்கூர்ல போட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளே. போடுவதற்கு ஒரு சுவரே வந்து நிற்கிறது.

கத்ரினுக்குச் சம்மதம். ஆனால் அவள் ஒருத்தி மட்டும் முடிவு செய்வதில்லை, ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாட்டுக்குள்ளே குரல் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். அப்படியானால் இசை அந்தக் கார்மேகத்துடையது இல்லையா என்றார்கள். இல்லை என்றேன். சரி, இசையை மனைவிதான் செய்தாள் என்று அவரே ஒரு வரி சொல்லட்டும், எந்த மொழியிலும் சொல்லலாம், போனில் பேசி அனுப்பினாலும் போதும் என்றார்கள். கார்மேகம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

6

அவனைக் கூப்பிட்டேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தான், இரும்புச் சத்தம் கேட்டது.

"மாப்ள, ஒரே ஒரு வார்த்தை. வளைவு சுகந்தி செஞ்சதுன்னு போன்ல சொல்லி அனுப்புங்க. இங்க அவ பேரைச் சுவத்துல எழுதப் போறாங்க."

லோடை நிறுத்தச் சொல்வது கேட்டது. "அது வேண்டாமுங்க்கா," என்றான்.

"ஏன்?"

"அங்க எழுதுனா இங்க வராதுங்களா? ஒருத்தன் பார்த்தா போதும், போன்ல ஊரு பூராப் பரவீரும். நாளைக்கு நோம்பிக்கு எவனுங்க்கா என்னையக் கூப்புடுவான்? பொண்டாட்டி செஞ்சதுக்குப் பேரு வாங்கிப் பொழச்சவன்டான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவான்."

"உண்மை அதுதானே?"

"பேரு வெச்சதே அவதானுங்க்கா," என்றான். "அவ வாயாலதான் சொல்லியிருக்கா. நானா சொன்னேன்? கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு பாட்டுலயும் அவளேதான் சொல்றா."

என் தங்கைக்கு எதிராக என் தங்கையே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். செய்தி மலையிலிருந்து இறங்கிவிட்டது. "கண்ணு, வம்பு பண்ணாத சாமி. புள்ள அவருகிட்ட இருக்குது. வாராவாரம் கொண்டாந்து எங்கிட்ட உட்டுட்டுப் போறாரு. நீ இப்புடிப் பேசிப் பேசி, அப்புறம் அதுவும் இல்லீன்னா நான் என்ன பண்றது?"

"அவ பேரு போனாப் போகட்டுமாம்மா?"

"அவளே போயிட்டா. பேரை வெச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்றது?"

அம்மாவிடம் கத்தினேன். அவன் மித்ராவை நோம்பிக்கு நோம்பி லாரியிலேயே கூட்டிக்கொண்டு அலைகிறானாமே, அந்தச் சத்தத்தில் பிள்ளையின் காது என்ன ஆகும் என்று அதையும் சேர்த்துக் கத்தினேன். நர்ஸ் என்றால் எங்கிருந்தாலும் அதிகாரம் செய்ய வேண்டுமே. அம்மா ஏதோ சொல்ல வந்து, "நீ டூட்டிக்குப் போ கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

7

திறப்பு விழாவுக்கு இனியாவும் நானும் போனோம். நான் பட்டுப் புடவை கட்டியிருந்தேன், மழைக்கு மேலே ஒரு கோட்டு. சுவர் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை எழுத்தில் பெயர்கள். பல நாட்டுப் பெண்கள். சிலர் இறந்தவர்கள், சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள். உயிரோடு வந்திருந்த ஒரு கிழவி தன் பெயருக்குக் கீழே நின்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தேன். சுகந்தி இல்லை.

இனியாதான் கண்டுபிடித்தாள். மாடிப்படியின் கீழே, கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. இசை: டிஜே கார்மேகம். குரல்: சுகந்தி, இந்தியா. ஒரு ஹெட்போன்.

கத்ரின் ஓடி வந்தாள். தான் எவ்வளவோ வாதாடியதாகச் சொன்னாள். அந்த ஒரு வரி வராததால் குழு ஒத்துக்கொள்ளவில்லை, இசையே இல்லாமல் போவதற்கு இதுவாவது மேல் என்று தான் நினைத்ததாகச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய பாட்டே இன்னும் வேறொருவன் பெயரில்தான் இருக்கிறது.

"அம்மா, இது தப்பு," என்றாள் இனியா, தமிழில். "சித்தி பாடுறது இல்ல. சித்தி செய்றது." காலம் தப்பிய அந்தத் தமிழில் அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

வைன் கோப்பையோடு ஒரு பெண்மணி வந்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். நான் புடவையில் இருந்ததால் என்னிடம் திரும்பி, "என்ன அழகான குரல்! என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"தன் புருஷன் பெயரைச் சொல்கிறாள்," என்றேன்.

"ஓ," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு காதல்!"

வெளியே வந்து அந்த இடத்திலிருந்தே கார்மேகத்தைக் கூப்பிட்டேன். அவன் ஹலோ சொல்லவும் விடவில்லை.

"செஞ்சது அவதான்னு நீ சொல்ல வேண்டாம். நீயே செஞ்சேன்னு சொல்லிக்க. ஆனா இனிமே என் தங்கச்சி வாயில உன் பேரு வரக் கூடாது. எல்லாப் பாட்டுலயும் அதை எடுத்துரு."

"அக்கா, அதுல ஒண்ணு இருக்குதுங்க. மித்ரா..."

"புள்ளைய நடுவுல இழுக்காத. எடுப்பியா, மாட்டியா?"

"நீங்க சொன்னாச் சரிங்க்கா. எடுத்தர்றேன்," என்றான்.

ஒரு வருடத்தில் முதல் முறையாக எனக்கு வயிறு பசித்தது. உள்ளே போய் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன்.

8

வருசம் முடிந்து, தீட்டுக் கழிந்து, போன ஞாயிற்றுக்கிழமை குண்டனி நாட்டில் நோம்பி. அங்கே விளக்குப் போடும் நேரம், இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நோம்பிக்கு மலையேறியிருந்த அம்மா வீடியோ காலில் வந்தாள். சீரியல் விளக்கு, மினி லாரி, ஆடுகிற கூட்டம். "வளைவு" ஓடிக்கொண்டிருந்தது. இனியா தட்டோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஹாரன்கள் கூப்பிட்டன, பதில் சொன்னன. குரல் வர வேண்டிய இடம் வந்தது.

"டிஜேஏஏ கார்மேகம்ம்ம்" என்று ஓர் ஆண் குரல், எதிரொலியோடு. கூட்டம் விசில் அடித்தது.

"சித்தி எங்க?" என்றாள் இனியா.

சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றி வாங்கியிருக்கிறான். சொன்ன சொல் தவறாதவன். என் தங்கை செய்த பாட்டுகளில் இதுவரை அவள் பெயர்தான் இல்லாமல் இருந்தது. இப்போது அவளே இல்லை.

அம்மா போனைத் திருப்பினாள். லாரிக்குப் பக்கத்தில், தன்னைவிட உயரமான ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு மித்ரா நின்றிருந்தாள். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ.

"எதுக்கும்மா அவ அங்க நிக்கிறா? காது போயிரும், தூக்கிட்டு வா."

"கூப்புட்டா வர மாட்டேங்குது கண்ணு. இந்த ஒரு வருசமா நோம்பிக்கு நோம்பி அது அங்கதான் போயி நிக்கும். பாட்டுக்கு நடுவால சுகந்தி பேசுவால்ல, அதுக்குத்தான். வந்த ஒடனே, 'அம்மாயி, அம்மா பேசிருச்சு'ன்னு கைதட்டீட்டு ஓடியாரும். அதுக்கோசரந்தான் அவரும் லாரியிலயே கூட்டீட்டுப் போறது." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கிப் பாட்டு போட்டதுல இருந்து நிக்குது. அடுத்த பாட்டுல வரும், அடுத்த பாட்டுல வரும்ங்குது."

"இதை ஏம்மா எங்கிட்ட நீ சொல்லல?"

"நீ எங்க சொல்ல உட்ட?"

கார்மேகத்தைக் கூப்பிட்டேன். பழைய பாட்டுகளைத் திரும்பப் போடு என்றேன், கெஞ்சினேன். "ஒண்ணு கூட இல்லீங்க்கா," என்றான். "நீங்க ஒரேயடியா எடுக்கச் சொன்னீங்கன்னு லேப்டாப்புல இருந்த பழசையும் அழிக்கச் சொல்லிட்டேன். நான் அந்தச் சாமானத்தையெல்லாம் கண்டேனுங்களா? அவளுக்குத்தான் தெரியும்." பின்னால் கூட்டம் அடுத்த பாட்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்தவை எல்லாம் பழைய போனோடு போய்விட்டன.

இனியா தன் போனை என் முன்னால் வைத்தாள். அவளிடம் ஒரே ஒரு "வளைவு" இருந்தது, பழையது. அம்மாவின் போனுக்கு அனுப்பினோம். சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காதில் வை என்று அம்மாவிடம் சொன்னேன். வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள்.

காத்திருந்தோம். சோறு ஆறியது. இனியா உதட்டுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சித்தியின் அதே இழுவையோடு.

அம்மா கூப்பிட்டாள். கோயிலுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏழெட்டுத் தடவ போட்டுக் கேட்டுருச்சு," என்றாள் அம்மா. மித்ரா போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். அழவில்லை. என்னவோ யோசனையில் இருந்தாள்.

"அம்மா பேசுச்சா சாமி?" என்றேன்.

"பேசுச்சு பெரீம்மா," என்றாள். "எப்பப் பார்த்தாலும் அப்பா பேரையே சொல்லுது. ஒரே ஒருக்கா மித்ரான்னு சொல்லச் சொல்லுங்க."